பந்தைத் தொடாத ஐந்து பேர்

ஜூன் 9, திங்கள்

என் பெயர் சென்னியப்பன். இதை எழுதியது நான்தான்.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று எழுதியதைக் காலையில் எடுத்துப் பார்த்தேன். என்ன எழுதினேனோ அதுவேதான் இருந்தது. மத்தியானம் பார்த்தேன். அப்போதும் அதுவேதான். சந்தையில் ஒருவன் சொன்ன சொல், டீ குடித்துவிட்டு வருவதற்குள் மாறிவிடும். இது மாறவில்லை.

எழுபது வயதில் எழுத்தறிவு வகுப்பு முடித்திருக்கிறேன். தினமும் நடப்பதை எழுதுங்கள், இல்லாவிட்டால் கை மறந்துவிடும் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். இன்று நடந்தது: ஆட்டுக்குத் தழை ஒடித்தேன். ரசம் வைத்தேன். உப்பு கூடிவிட்டது.

ஜூன் 12, வியாழன்

இன்று எழுத விஷயம் இருக்கிறது.

நான் மாட்டுத் தரகன். எங்கள் பக்கம் வையாபுரி என்று ஒரு பெரிய விவசாயி இருந்தார். அவர் பூட்டிய எருதுகள் எல்லாம் நான் பிடித்துக் கொடுத்தவை. பிறகு மக்காச்சோளக் காட்டில் பொறியியல் கல்லூரி கட்டிவிட்டார். இப்போது எல்லோரும் அவரைச் சேர்மன் என்கிறார்கள். அவர் இன்று கார் அனுப்பி என்னைக் கூட்டிவரச் சொன்னார்.

"சென்னியப்பா, எனக்கு அஞ்சு உருப்படி வேணும்."

"காளைங்களா, எருதுங்களா?"

"பசங்க."

அவர் மகன் நிரஞ்சன் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்திருக்கிறார். அங்கே கல்லூரிகளில் ஒரு கால்பந்து ஆடுகிறார்களாம். அதைக் காலால் ஆடுவதில்லை. பந்து உருண்டையாகவும் இல்லை, உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கிறது. அந்த ஆட்டத்தை இங்கே கொண்டுவர வேண்டும் என்பதற்காக நிரஞ்சன் அப்பாவின் கல்லூரியிலேயே மறுபடியும் மாணவராகச் சேர்ந்திருக்கிறார். பயிற்சி கொடுப்பவரும் அவரே. பந்தை எறிபவரும் அவரே.

மேசையில் காகிதக் கோப்பைகளை அடுக்கி எனக்கு விளக்கினார். முன்னால் வரிசையாக ஐந்து கோப்பை. பின்னால் ஒன்று, அது அவர். எதிரிகள் அவர் மேல் விழ ஓடி வருவார்கள். அவர் பந்தை எறியும்வரை ஐந்து பேரும் குறுக்கே நின்று தடுக்க வேண்டும். எதிராளியைத் தள்ளலாம், கட்டிப் பிடிக்கக் கூடாது. எறிந்த பந்தைப் பிடிப்பது வேறு ஆட்கள் வேலை.

இந்த ஐந்து பேர் எப்போது பந்தைத் தொடுவார்கள் என்று கேட்டேன்.

"தொடவே கூடாதுங்க தாத்தா. நடுவுல நிக்கிறவன் மட்டும் காலிடுக்கு வழியா எனக்குக் குடுப்பான். அவ்வளவுதான்."

எனக்கு ஆட்டம் மிகவும் பிடித்துவிட்டது.

எடை உள்ள பையனாக, முரண்டு இல்லாதவனாகப் பிடித்துவர வேண்டும். சீட்டும் விடுதியும் இலவசம். சாப்பாட்டில் கூடக் குறைய நானே பேசிக்கொள்ளலாம். ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்று சேர்மன் விரலைத் தூக்கிக் காட்டிச் சொன்னார். அடுத்த வருஷம் ஆட்டத்தைப் பொறுத்து.

ஜூன் 15, ஞாயிறு

தேர்த் திருவிழாவுக்குப் போனேன். சாமியைப் பார்க்கவில்லை, தேரைப் பின்னால் நின்று நெம்புகிறவர்களைப் பார்த்தேன். இரண்டு பேரைக் குறித்துக்கொண்டேன். ஒருவன் பரோட்டாக் கடைக்காரர் மகன். மற்றவன் நெம்பும்போதே முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

இரண்டு அப்பன்மாரிடமும் துண்டு போட்டுப் பேசி முடித்தேன். எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. இருவர் கையையும் துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடித்துக் காட்டுவோம். சம்மதம் இல்லாதவர் கையை இழுத்துக்கொள்வார். இழுக்காவிட்டால் பேரம் முடிந்தது, பிறகு யாரும் மாற்ற முடியாது. ஒரு விரல் என்றால் தினம் ஒரு முட்டை என்று வைத்துக்கொண்டோம். பரோட்டாக்காரர் கை அகலம். ஐந்தில் நின்றுவிட்டார்.

ஜூன் 18, புதன்

இரட்டைப் பிள்ளைகள் அகிலன், முகிலன். ஜோடி பிசகாமல் இருந்தார்கள். பையனைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று வாசலில் நின்று சொன்னதும் உள்ளே பெரிய பரபரப்பு. பஜ்ஜி வந்தது, கேசரி வந்தது. இருவரும் பட்டு வேட்டியில் வந்து நின்றார்கள். முதுகைத் தட்டிப் பார்த்தேன். பல்லைப் பார்த்தேன். வாசல்வரை நடக்கவிட்டுப் பார்த்தேன். அவர்கள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொண்ணு என்னங்க படிச்சிருக்குது என்று கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பஜ்ஜியை விட்டுவைத்தார்கள். ஆனால் பையன்கள் கல்லூரிக்கு வர ஒப்புக்கொண்டார்கள்.

ஜூன் 21, சனி

உடற்பயிற்சிக் கூடத்துக்கு நிரஞ்சனே கூட்டிப்போனார். யுகேந்திரன் என்று ஒருவன். நெஞ்சு கதவு மாதிரி. ஆனால் தலையைக் குனியச் சொல்லிச் சுழி பார்த்தேன். பாடைச்சுழி. அப்படிச் சுழி உள்ள மாட்டை வாங்கினால் வீட்டில் எழவு விழும் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிரஞ்சன் முகம் வாடிவிட்டது. இருந்தாலும் அவருடைய கம்ப்யூட்டரில் உயரம், எடை என்று இருந்த இடத்துக்குப் பக்கத்தில் சுழி என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொண்டார்.

ஜூன் 26, வியாழன்

சந்தையில் ஒரு எருமை டெம்போவில் ஏறமாட்டேன் என்று படுத்துக்கொண்டது. நாலு பேர் வாலை முறுக்கினார்கள். அப்போது ஒரு பையன் வந்தான். கத்தவில்லை, அடிக்கவில்லை. எருமை மேல் சாய்ந்தான். சாய்ந்துகொண்டே இருந்தான். எருமை யோசித்துப் பார்த்துவிட்டு எழுந்து ஏறிவிட்டது.

பெயர் பூவரசன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஸ்பின்னிங் மில்லுக்குப் போவதாக இருக்கிறான். அப்பா அம்மா இல்லை. அப்பாவின் அக்கா தெய்வாத்தாள் வளர்க்கிறார். கருக்கம்பட்டி. எருமை அந்த அம்மாளுடையது. புருஷன் போனபின் அவரே சந்தைக்கு வந்து விற்கிறார், வாங்குகிறார். எங்கள் சந்தையில் வேறு பெண்பிள்ளை யாரும் அதைச் செய்வதில்லை.

ஜூன் 28, சனி

கருக்கம்பட்டி போனேன். வெயில் அதிகம்.

தெய்வாத்தாள் நான் சொன்னதை எல்லாம் கேட்டார். முட்டை வேண்டாம் என்றார். பந்தைத் தொடாவிட்டாலும் பரவாயில்லை என்றார்.

"ஆட்டம் நடந்தாலும் செரி, நின்னாலும் செரி, பையன் இஞ்சினீருக்கு முழுசாப் படிச்சு முடிக்கோணும். ஒரு வெரலுக்கு ஒரு வருசம். துண்டைப் போடுங்க."

பெண்பிள்ளையிடம் நான் துண்டு போட்டுப் பேசியது கிடையாது. அவர் கையை நீட்டிவிட்டார். போட்டேன். நாலு விரலையும் சேர்த்துப் பிடித்தார். எனக்கு உள்ள அதிகாரம் ஒரு விரல். நான் கையை இழுத்திருக்க வேண்டும். இழுக்கவில்லை. வெயில் அதிகம் என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

துண்டை அவர்தான் எடுத்தார். பேரம் முடிந்துவிட்டது.

ஜூன் 29, ஞாயிறு

சேர்மனிடம் ஐந்தாவது உருப்படி படிந்தது என்று சொன்னேன். எத்தனை விரல் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

பயிற்சி தொடங்கியது. தோளுக்குப் போடும் கவசம் வெளிநாட்டிலிருந்து வருவதற்கு நாளாகுமாம். அதனால் பஸ் சீட் தைக்கும் கடையில் பஞ்சு வைத்துத் தைத்து வாங்கினோம். ஐந்து பேரும் புது பஸ் வாசனை அடிக்கிறார்கள்.

தள்ளிப் பழகுவதற்குக் கல்லூரி பஸ்ஸைத் தள்ள வைக்கிறார் நிரஞ்சன். முதலாமாண்டு மாணவர்கள் உள்ளே உட்கார்ந்தே இருக்கிறார்கள். பஸ்ஸில் ஸ்டார்ட்டர் போய்விட்டதாம். இனி அதைச் சரிசெய்ய வேண்டாம் என்று டிரைவர் மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டார்.

என்னை மைதானத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 19, சனி

கருக்கம்பட்டி போய், பையன் நன்றாக இருக்கிறான் என்று தெய்வாத்தாளிடம் சொல்லிவிட்டு வந்தேன். மோர் கொடுத்தார்.

ஜூலை 24, வியாழன்

பந்து அசைவதற்கு முன்னால் ஐந்து பேரில் யாரும் அசையக் கூடாது. அசைந்தால் தண்டனை. முறுக்குக்காரன் அசைந்துகொண்டே இருந்தான். மாட்டுச் சலங்கையை எல்லோர் இடுப்பிலும் கட்டிவிட்டேன். சத்தம் கேட்டால் யார் என்று தெரிந்துவிடும். நல்ல யோசனை என்று நினைத்தேன். சலங்கை குலுங்கியதும் பஞ்சுமிட்டாய்க்காரர் வந்துவிட்டார் என்று பெண்கள் விடுதி முழுக்க மைதானத்துக்கு வந்துவிட்டது. ஐந்து பேரும் வெட்கத்தில் உறைந்து நின்றார்கள். அதற்கப்புறம் யாருமே அசையவில்லை.

ஜூலை 26, சனி

கருக்கம்பட்டி. பையன் நன்றாக இருக்கிறான் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 2, சனி

கருக்கம்பட்டி. மேற்படி. கல்லூரியில் வேலை என்றால் கொஞ்சம் பார்வையாக இருக்க வேண்டும் அல்லவா, அதனால் மீசைக்கு மை போட்டுக்கொண்டு போனேன். தெய்வாத்தாள், உதட்டுக்கு மேல என்னங்க கரி ஒட்டியிருக்குது என்று முந்தானையை எடுத்துத் துடைக்க வந்துவிட்டார். வீட்டில் உளுந்து அரைத்தேன். மாவு பொங்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

இன்று கருக்கம்பட்டி போக முடியவில்லை. முதல் ஆட்டம்.

நமக்கு எதிரே ஆடியது கோயமுத்தூர் பக்கத்து ஒரு கல்லூரி. அதன் முதலாளி சேர்மனுக்கு மைத்துனர். இந்த ஜில்லாக்களில் இந்த ஆட்டம் ஆடும் கல்லூரிகள் இந்த இரண்டுதான் என்று நிரஞ்சன் சொன்னார். ஆகவே எப்படியும் இறுதிப் போட்டிக்குப் போய்விடுவோம்.

எதிரணியில் யுகேந்திரன் நின்றான். பாடைச்சுழிக்காரனை அவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பூவரசனுக்கு நேர் எதிரே வந்து நின்றான். பந்து அசைந்தது. பூவரசன் அவனைப் பார்த்தான். இரண்டு கையையும் கூப்பி, "வாங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி வழிவிட்டான்.

நிரஞ்சன் மேல் யுகேந்திரன் விழுந்த சத்தம் எனக்கு நாற்காலியில் கேட்டது.

அடுத்த முறையும் அப்படியே. பூவரசனை வலப்பக்கம் மாற்றினோம். யுகேந்திரனும் வலப்பக்கம் வந்து, "என்ன மச்சான், சௌக்கியமா?" என்று கேட்டான். பூவரசன் சௌக்கியம் என்று சொல்லி ஒதுங்கினான். எங்கே மாற்றினாலும் அவன் அங்கே வந்தான். நிரஞ்சன் இன்று விழுந்ததை எழுதுவது என்றால் எனக்கு நோட்டுப் போதாது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பூவரசனைக் கேட்டேன். அவன் அக்கா சுபாஷிணியை யுகேந்திரனின் அண்ணனுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நான் யுகேந்திரன் மேல் கை வைத்தால் அங்கே எங்கக்கா சோறு தின்ன முடியுமா என்று திருப்பிக் கேட்டான். அது நியாயம்தான். சம்பந்தி வீட்டுப் பிள்ளையைத் தள்ளுவது எங்கள் பக்கம் யாரும் செய்யாத காரியம்.

நிரஞ்சனுக்கு இதை விளக்க மத்தியானம் ஆகிவிட்டது. அமெரிக்காவில் இதற்கு என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அங்கே இந்தப் பிரச்சினை வந்ததாகத் தெரியவில்லை என்றார்.

செப்டம்பர் 3, புதன்

சேர்மன் கூப்பிட்டார். அடுத்த ஆட்டம் அக்டோபர் நாலாம் தேதி. நிரஞ்சனுக்குப் பேசியிருக்கும் பெண் வீட்டார் அன்று வந்து உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள்.

"அவங்க முன்னால என்ற பையன் ஒரு தடவை மண்ணுல விழுந்தான்னா, மக்காநாளு அஞ்சு பேரும் பொட்டியத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிரோணும். பந்தை நானே கெணத்துல போட்டுருவேன்."

இனி நாலு விரலைப் பற்றிச் சொல்ல முடியாது.

செப்டம்பர் 6, சனி

கருக்கம்பட்டி போனேன். பையன் நன்றாக இருக்கிறான் என்று சொன்னேன். மோரைப் பாதி டம்ளரிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

செப்டம்பர் 13, சனி

மேற்படி.

செப்டம்பர் 17, புதன்

தெய்வாத்தாளே கல்லூரிக்கு வந்துவிட்டார், எருமைத் தயிரோடு. பையன் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். இரண்டு சனிக்கிழமை வந்து பொய் சொல்லிவிட்டுப் போனீர்களே என்று என்னைக் கேட்டார். பையன் நன்றாகத்தான் இருக்கிறான் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

பிறகு மைதானத்தைச் சுற்றி நடந்தார். ஐந்து பேரும் எப்படி நிற்பார்கள், எதிராளி எங்கே நிற்பான், அவன் எங்கே போகப் பார்ப்பான் என்று கேட்டார். பூவரசன் நின்று காட்டினான். பின்னால் நிரஞ்சன் பந்தோடு நின்றார். தெய்வாத்தாள் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது வாசல் மறிக்கறதுங்களே," என்றார்.

எங்கள் பக்கம் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது, பெண்ணின் தம்பி வாசலை மறித்து நிற்பான். அவன் கேட்டதைத் தருகிறேன் என்று சொன்னால்தான் வழிவிடுவான். அதுவரை மாப்பிள்ளை வீட்டார் அவனைத் தள்ளக் கூடாது. அவனும் கை ஓங்கக் கூடாது, நிற்கலாம். அது அவன் உரிமை. யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

சுபாஷிணி கல்யாணத்தன்று பூவரசனுக்கு அம்மை. வீட்டில் வேப்பிலையில் படுத்துக் கிடந்தான். வாசலை யாருமே மறிக்கவில்லை.

"உன்ற உரிமை அப்பிடியே கெடக்குது சாமி. போய் நில்லு. கையை வெக்காதே. வாயில கேளு."

பூவரசன் முகத்தில் அந்த ஆட்டம் தொடங்கியதிலிருந்து இன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். நிரஞ்சன் தன் கம்ப்யூட்டரைத் திறந்து, இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் மூடிவிட்டார்.

செப்டம்பர் 27, சனி

கருக்கம்பட்டி. இந்த முறை நடந்ததை நடந்தபடி சொன்னேன். பஸ்ஸைத் தள்ளினார்கள், முறுக்குக்காரன் அசைந்தான், சேர்மன் மகனுக்கு நெஞ்சு படபடக்கிறது என்று. மோரை முழுக்கக் குடித்தேன்.

அக்டோபர் 4, சனி

கை வலிக்கிறது. இருந்தாலும் இன்று முழுக்க எழுதியாக வேண்டும். சாயங்காலம் உட்கார்ந்தேன்.

பெண் வீட்டார் இரண்டு வேனில் வந்தார்கள். சேர்மன் அவர்களைப் பந்தலில் உட்கார வைத்து இளநீர் கொடுத்தார். பக்கத்துப் பந்தலில் எதிரணி ஆட்கள். அதில் யுகேந்திரனின் அம்மாவும், மருமகள் சுபாஷிணியும் இருந்தார்கள். தெய்வாத்தாள் எங்கள் பக்கம் என் நாற்காலிக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். வேறு நாற்காலிகளும் காலியாக இருந்தன.

முதல் முறை பந்து அசைந்ததும் யுகேந்திரன் சிரித்துக்கொண்டே வந்தான், வழக்கம்போல வழி கிடைக்கும் என்று. பூவரசன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குறுக்கே நின்றான்.

"ஏனுங் மாப்ளே, எங்கக்கா கல்யாணத்துல நான் வாசல் மறிக்கலீங்க. இப்ப மறிக்கறேனுங்க. ஒரு வாட்ச் வேணுமுங்க."

யுகேந்திரன் நின்றுவிட்டான். அவனால் தள்ளவும் முடியவில்லை, சுற்றிப் போகவும் முடியவில்லை. இடப்பக்கம் நகர்ந்தால் பூவரசனும் நகர்ந்தான். எதற்கு இது என்று யுகேந்திரன் தன் அம்மா இருந்த பந்தலைப் பார்த்தான். அந்த அம்மாள், அது அவன் உரிமைதானே என்று அங்கிருந்தே கையைக் காட்டினார். அதற்குள் நிரஞ்சன் பந்தை எறிந்துவிட்டார். யாரும் பிடிக்கவில்லை. ஆனால் நிரஞ்சன் நின்றுகொண்டிருந்தார். சேர்மன் எழுந்து கை தட்டினார்.

அடுத்து பூவரசன் பட்டு வேட்டி கேட்டான். அடுத்து சைக்கிள். ஒவ்வொரு முறையும் யுகேந்திரன் யோசித்து முடிப்பதற்குள் பந்து போய்விடும். மற்ற நாலு பேரும் தங்கள் எதிராளிகளை முறைப்படி தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சொந்தம் யாரும் எதிரே இல்லை.

இடைவேளையில் எதிரணிப் பயிற்சியாளர் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். எது கேட்டாலும் உடனே சரி என்று சொல்லிவிடு என்று யுகேந்திரனுக்குச் சொல்லிக் கொடுத்தார். எங்கள் பக்கம் அதைக் கேட்டதும் தெய்வாத்தாளின் முகம் மாறியது. சரி என்று சொல்லிவிட்டால் வாசலைத் திறந்தாக வேண்டும்.

அப்படியே நடந்தது. மோதிரம் என்றான் பூவரசன். சரி என்றான் யுகேந்திரன். பூவரசன் ஒதுங்கினான். யுகேந்திரன் பாய்ந்தான். நிரஞ்சன் வளைந்து ஓடினார், சட்டை கிழிந்தது, விழவில்லை. செல்போன். சரி. நிரஞ்சன் எங்கள் பரோட்டாப் பையன் முதுகில் மோதி நின்றார். அவன் முதுகு இல்லாவிட்டால் இன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். சினை எருமை என்று கேட்டான் பூவரசன். அதற்கும் சரி என்றான் யுகேந்திரன். அந்த வீட்டில் அத்தனை பெரிய மனசு இருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. நிரஞ்சன் பந்தைக் கீழே போட்டுவிட்டுத் தப்பித்தார்.

கடைசியாக ஒரு முறை பந்து எறிய வேண்டியது பாக்கி. பூவரசன் வியர்வையைத் துடைத்தான். கேட்பதற்கு அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்தது. எதிரணிப் பந்தலில் இருந்த அவன் அக்காவைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பந்து அசைந்தது.

"எங்கக்கா பாதியில விட்ட காலேஜ் படிப்பை முடிக்கோணுமுங்க. அனுப்புங்க."

யுகேந்திரன் வாயைத் திறந்தான். மூடினான். அது அவன் கொடுக்கக்கூடியது இல்லை. அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மாள் மருமகளைப் பார்த்தார். சுபாஷிணி தலையைக் குனியவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற நாலு பேரும், அவர்களைத் தள்ளிக்கொண்டிருந்தவர்களும்கூட நின்றுவிட்டார்கள். என்ன பதில் வரும் என்று தெரிய வேண்டுமே.

"பாக்கலாம்னு சொல்லுடா," என்று பந்தலிலிருந்து அந்த அம்மாளின் குரல் வந்தது.

"பாக்கலாம்னா வாசல் தெறக்காதுங்க," என்றான் பூவரசன்.

பின்னால் நிரஞ்சன் பந்தை வைத்துக்கொண்டு நின்றார். இதுவரை அவர் ஆடிய எந்த ஆட்டத்திலும் அவருக்கு இவ்வளவு நேரம் கிடைத்ததில்லை. என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வானத்தைப் பார்த்தார். பந்தைப் பார்த்தார். பிறகு பூவரசனிடம் மெதுவாக, "இப்ப நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார்.

"நில்லுங்கண்ணா. பேசிட்டிருக்கறோமில்ல."

அந்த அம்மாள் பந்தலில் எழுந்து நின்றார். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அனுப்பறோம். வழிய உடச் சொல்லு," என்றார்.

பூவரசன் கையைக் கூப்பி ஒதுங்கினான். யுகேந்திரன் ஓரடி எடுத்து வைத்தான். விசில் ஊதிவிட்டார்கள். நேரம் முடிந்தது.

நாங்கள் தோற்றுவிட்டோம். ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. சேர்மன் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

லட்டு கொடுக்கும்போதே போய்ச் சொல்லிவிட்டேன். பூவரசனுக்கு நான் வாக்குக் கொடுத்தது நாலு வருஷம் என்று.

"ஒரு வெரலுக்கு மேல போகாதேன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க."

"பொறவு அந்தம்மா நாலைப் புடிக்கறப்ப நீ கையை இழுத்திருக்கோணுமில்ல?"

"இழுக்கலீங்க."

"ஏன் இழுக்கல?"

வெயில் அதிகம் என்று சொல்ல நினைத்தேன். மீசையைத் தடவிக்கொண்டேன். சேர்மன் என் மீசையைப் பார்த்தார். அந்தப் பக்கம் தயிர்ப் பாத்திரத்தைத் துணியில் கட்டிக்கொண்டிருந்த தெய்வாத்தாளைப் பார்த்தார். சேர்மனும் சந்தையில் வளர்ந்தவர்தான். துண்டுக்குள் முடிந்ததைத் திருப்ப முடியாது என்று அவருக்கும் தெரியும்.

"உனக்கு வயசு என்னாச்சு சென்னியப்பா?"

"எழுவதுங்க."

"நாலு வருசம் படிக்கட்டும். மத்த நாலு பேரும் படிக்கட்டும், போ," என்று சொல்லிவிட்டு, லட்டு வாயில் இருக்கும்போதே சிரித்து இருமி, மகனைக் கூப்பிட்டு முதுகைத் தட்டச் சொன்னார்.

அக்டோபர் 5, ஞாயிறு

கருக்கம்பட்டி போனேன். சனிக்கிழமை இல்லாவிட்டாலும் விஷயம் சொல்ல வேண்டுமே. பையனுக்கு நாலு வருஷமும் உறுதி, சேர்மனே சொல்லிவிட்டார் என்றேன். தெய்வாத்தாள் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை எருமைப் பக்கம் திருப்பிக்கொண்டு அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

பிறகு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"இனிமேட்டுக்குப் பையன் நல்லாருக்கறான்னு சொல்ல வாரம் வாரம் பஸ்ஸேறி வரோணும்னு இல்லீங்க," என்றார்.

ஆமாம், அது சரிதான் என்றேன். டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். துண்டை உதறித் தோளில் போட்டேன். வாசல் படலைத் தாண்டும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"சும்மாவே வாங்க."

நாளைக்கு எழுத நேரம் இருக்காது. காலை பஸ் வெள்ளனே வந்துவிடும்.